உலர் திராட்சைக்கு உரிமம்... அரசுக் கட்டணம் 100 ரூபாய்தான்!

கேள்வி: ஓடைப்பட்டியில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கரில் விதையில்லா திராட்சைப் பந்தல் இருக்கிறது. விலை சரியும்போது பழத்தை உலர்த்தி, பாக்கெட் போட்டு விற்கலாம் என்று இருக்கிறோம். உத்யம் சான்றிதழ், உணவுப் பாதுகாப்பு உரிமம் இரண்டும் எடுத்துத்தர 6,500 ரூபாய் ஆகும் என்று கம்ப்யூட்டர் சென்டரில் கேட்கிறார்கள். அவ்வளவு செலவாகுமா? செல்போனிலேயே எடுத்துக்கொள்ள முடியுமா?

- வாசகி, ஓடைப்பட்டி.

பதில்: அரசுக்குக் கட்ட வேண்டியது மொத்தமே 100 ரூபாய்தான். உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய். 5 ஆண்டுகளுக்குச் சேர்த்துக் கட்டினாலும் 500 ரூபாய்க்கு மேல் போகாது. மீதித் தொகை முழுவதும் படிவத்தை நிரப்பிக் கொடுப்பதற்கான கூலி. உட்கார்ந்து செய்தால் அரை நாளில் முடிகிற வேலை அது. பந்தலில் ஏறிக் கவாத்து வெட்டுகிறவருக்குக்கூட யாரும் அரை நாளைக்கு 6,400 ரூபாய் கொடுப்பதில்லை.

இரண்டையுமே செல்போனில் எடுக்கலாம். ஆனால், அதற்கு முன்பு சில விஷயங்களைத் தயார் செய்துகொள்ள வேண்டும்.

கம்பம் பள்ளத்தாக்கில் காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி, கூடலூர் பக்கம் பன்னீர் திராட்சை பிரதானம். மேகமலை அடிவாரத்தில் இருக்கும் ஓடைப்பட்டி விதையில்லா திராட்சைக்குப் பெயர் பெற்றது. பன்னீரில் விதை இருப்பதால் உலர்த்தி விற்க அவ்வளவு தோதுப்படாது. விதையில்லாத ரகம் அதற்கென்றே அமைந்தது. சுமார் 4 கிலோ பழத்தை உலர்த்தினால் 1 கிலோ உலர் திராட்சை கிடைக்கும். மகாராஷ்டிராவில் சாங்லி பகுதி விவசாயிகள் இதை வைத்தே பெரிய சந்தையை உருவாக்கி வைத்திருக்கிறார்கள். பழமாக இருந்தால், வெட்டிய அன்றைக்கே வியாபாரி சொல்வதுதான் விலை. உலர்த்திவிட்டால் சில மாதங்கள் வரை பொறுத்திருந்து விற்கலாம். அந்த விதத்தில் வாசகியின் குடும்பம் யோசித்திருப்பது நல்ல யோசனைதான்.

முதலில் உத்யம். குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்காக மத்திய அரசு 2020 ஜூலை 1 முதல் நடத்திவரும் பதிவு இது. இதைப் பலரும் 'லைசென்ஸ்' என்று நினைக்கிறார்கள். இது லைசென்ஸ் அல்ல. 'இப்படி ஒரு தொழில், இந்த முகவரியில், இந்த ஆளால் நடத்தப்படுகிறது' என்று தொழில் செய்பவரே சொல்லிப் பதிந்துகொள்வது. இதற்காக எந்த ஆவணத்தையும் ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டியதில்லை. வங்கியில் தொழில் கடன், மானியத் திட்டங்கள், பணம் தராமல் இழுத்தடிக்கும் வியாபாரி மீது புகார் என எல்லாவற்றுக்கும் இந்த எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள்.

தேவையானவை மூன்று. ஆதார், பான் கார்டு, வங்கிக் கணக்கு எண். இவற்றில் சிக்கல் வருவது பெரும்பாலும் ஆதாரில்தான். ஆதாருடன் எந்த செல்போன் எண் இணைக்கப்பட்டிருக்கிறதோ, அந்த எண்ணுக்குத்தான் ஓடிபி வரும். பத்து வருடங்களுக்கு முன் ஆதார் எடுத்தபோது கொடுத்த எண் இப்போது இருக்காது. இல்லையென்றால் வீட்டுக்காரர் எண்ணோ, சென்னையில் வேலை பார்க்கும் மகனின் எண்ணோ இருக்கும். அப்படியிருந்தால் எந்தத் தளத்தைத் திறந்தும் பயனில்லை. ஆதார் சேவை மையத்திலோ, அஞ்சலகத்திலோ சிறு கட்டணம் கட்டி, யார் பெயரில் தொழில் நடக்கப் போகிறதோ அவருடைய சொந்த எண்ணை இணைத்துவிட வேண்டும். இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கி மூலம் தபால்காரரே வீட்டுக்கு வந்து இதைச் செய்துகொடுக்கும் வசதியும் இருக்கிறது. பான் கார்டே இல்லாதவர்கள், வருமான வரித்துறையின் இணையதளத்தில் ஆதாரை வைத்து இ-பான் எடுத்துக்கொள்ளலாம். அதுவும் இலவசம்.

தளத்தைத் தேடும்போதுதான் கவனம் வேண்டும். கூகுளில் 'உத்யம்' என்று தேடினால், மேலே விளம்பரமாக வருபவை பெரும்பாலும் தனியார் தளங்கள். அசோகச் சக்கரம், மூவர்ணக் கொடி என அரசுத் தளம் மாதிரியே இருக்கும். விவரங்களை எல்லாம் வாங்கிக்கொண்டு, கடைசியில் 1,500, 2,500 என்று பணம் கேட்கும். 'புதுப்பித்தல் கட்டணம்' என்றுகூட வசூலிக்கிறார்கள். உத்யம் பதிவைப் புதுப்பிக்கவே தேவையில்லை. உண்மையான தளத்தின் முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடியும். பணம் கட்டச் சொல்லும் பக்கம் வந்தாலே அது வேறு தளம் என்று தெரிந்துகொண்டு மூடிவிடலாம்.

உள்ளே போனதும் ஆதார் எண், அதில் உள்ளபடி பெயர், பிறகு ஓடிபி. அடுத்து பான். அதன்பின் தொழிலின் பெயர், உலர்த்தும் கொட்டகை இருக்கும் இடம், தொடங்கிய தேதி, வங்கிக் கணக்கு, வேலை பார்ப்பவர்கள் எத்தனை பேர் என்று வரிசையாகக் கேட்கும். இங்கே தடுமாறும் இடம், 'என்ன தொழில்' என்பதைக் குறிக்கும் ஐந்து இலக்க எண். 'என்ஐசி கோடு' என்பார்கள். இதற்காகவே பலர் கம்ப்யூட்டர் சென்டருக்குத் திரும்பி ஓடுகிறார்கள். பழங்கள், காய்கறிகளை வெயிலில் உலர்த்திப் பதப்படுத்துவதற்கான எண் 10301. மின் உலர்த்தி வைத்து உலர்த்தினால் 10302. பழச்சாறு என்றால் 10304. ஜாம் போன்றவற்றுக்கு 10305. ஒன்றுக்கு மேற்பட்ட எண்களைச் சேர்க்கலாம் என்பதால், பிறகு செய்யப்போகும் பொருளையும் சேர்த்தே பதிந்துகொள்ளலாம்.

முதன்மைத் தொழிலை 'உற்பத்தி' என்று குறிக்க வேண்டும். 'வணிகம்' என்று குறித்துவிட்டால் பின்னால் ஒரு இழப்பு இருக்கிறது. அதை மூன்றாவது கேள்வியில் பார்க்கலாம். இயந்திரங்களில் போட்ட முதலீட்டையும், ஆண்டு விற்பனையையும் தெரிந்தவரை உண்மையாகச் சொன்னால் போதும். 2025 ஏப்ரல் முதல் 2.5 கோடி ரூபாய் முதலீடு, 10 கோடி ரூபாய் விற்பனை வரை 'குறுந்தொழில்' என்றுதான் கணக்கு. ஒன்றரை ஏக்கர் திராட்சைக்கு அந்த எல்லையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

கடைசியில் ஓர் ஓடிபி. அதைப் போட்டதும் பதிவு எண் வந்துவிடும். கியூஆர் குறியீட்டுடன் கூடிய சான்றிதழைப் பதிவிறக்கிக்கொள்ளலாம்.

பதிவில் எந்த செல்போன் எண், எந்த இமெயில் முகவரி கொடுக்கப்படுகிறது என்பது மிக முக்கியம். சென்டர்களில் நேரத்தை மிச்சப்படுத்த, அவர்களுடைய எண்ணையும் இமெயிலையும் போட்டுவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அன்றைக்கு வேலை முடிந்துவிடும். ஆறு மாதம் கழித்து முகவரியை மாற்ற வேண்டும், புதுப் பொருளைச் சேர்க்க வேண்டும் என்றால், சாவி அவர்கள் கையில். துறையிலிருந்து வரும் நோட்டீஸ், விளக்கம் கேட்கும் கடிதம் எல்லாம் அவர்களுடைய இமெயிலுக்குத்தான் போகும். கடையைக் காலி செய்துவிட்டு அவர் வேறு ஊருக்குப் போய்விட்டால் நிலைமை இன்னும் மோசம். ஒரு தொழில் நிறுவனத்துக்கு ஒரு உத்யம் பதிவுதான் அனுமதி என்பதால், 'பழசு கிடக்கட்டும், புதிதாக எடுத்துக்கொள்ளலாம்' என்றும் போக முடியாது. நிலத்துப் பட்டாவை அடுத்தவர் வீட்டு பீரோவில் வைத்துப் பூட்டிய கதைதான்.

எனவே, சென்டரிலேயே செய்தாலும் தவறில்லை. கண் பார்வைக் குறைவு, ஆங்கிலம் படிக்கச் சிரமம் என்று பல காரணங்கள் இருக்கும். ஆனால், எண்ணும் இமெயிலும் சொந்தமாக இருக்க வேண்டும். பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒரு நோட்டில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். இமெயில் இல்லையென்றால், வீட்டில் பள்ளிக்கூடம் படிக்கும் பிள்ளையே பத்து நிமிடத்தில் உருவாக்கிக் கொடுத்துவிடும். தேனி மாவட்டத் தொழில் மையத்திலும் உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லாமல் உதவுவார்கள்.

அடுத்தது உணவுப் பாதுகாப்பு. தோட்டத்தில் விளைந்த பழத்தை அப்படியே விற்கும் விவசாயிக்கு இது தேவையில்லை. 2006-ம் வருடத்து உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டத்தின் 18-வது பிரிவிலேயே விவசாயிக்கும், பண்ணை அளவில் அவர் விளைவித்த பொருளுக்கும் விலக்கு கொடுக்கப்பட்டிருக்கிறது. உலர்த்தி, பெயர் வைத்து, பாக்கெட் போட்டுக் கடைக்கு அனுப்பும்போது அது உணவுத் தொழில் ஆகிவிடுகிறது. 14 இலக்கப் பதிவு எண் இல்லாத பாக்கெட்டை எந்த நல்ல கடைக்காரரும் வாங்கி அடுக்க மாட்டார்.

இதற்கான தளத்தின் பெயர் 'ஃபாஸ்காஸ்'. 2020-ல் இருந்து விண்ணப்பங்கள் இதன் வழியாகத்தான் போகின்றன. இதில் பதிவு, மாநில உரிமம், மத்திய உரிமம் என மூன்று படிகள் இருக்கின்றன. 2025 நிலவரப்படி, ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள்ளும், உற்பத்தித் திறன் நாளொன்றுக்கு 100 கிலோவுக்குள்ளும் இருந்தால் முதல் படியான 'பதிவு' போதும். 100 கிலோ உலர் திராட்சை என்றால் தினமும் 400 கிலோ பழம் உலர்த்த வேண்டும். ஒன்றரை ஏக்கர்காரருக்கு இது தாராளமான எல்லை. சிலர் தெரியாமலோ, தெரிந்தோ 'உரிமம்' பிரிவில் விண்ணப்பித்து, கூடுதல் கட்டணமும் வரைபடம், தண்ணீர்ப் பரிசோதனை என்று கூடுதல் வேலையும் இழுத்துவைத்துவிடுகிறார்கள். விண்ணப்பம் நிரப்பும்போது அருகில் இருந்து, 'பதிவுதானே?' என்று ஒருமுறை கேட்டுவிட வேண்டும்.

புகைப்படமும் அடையாளச் சான்றும் பதிவேற்றி, உணவு வகையில் 'பழங்கள், காய்கறிகள்' பிரிவுக்குள் இருக்கும் 'உலர்ந்த பழங்கள்' என்பதைத் தேர்வு செய்ய வேண்டும். கட்டணத்தை ஆன்லைனில் கட்டியதும் ஒரு குறிப்பு எண் வரும். அதை வைத்து, விண்ணப்பம் எந்த மேசையில் இருக்கிறது என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். 7 நாள்களுக்குள் பதிவு கொடுக்க வேண்டும், அல்லது காரணம் சொல்லி நிராகரிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆய்வுக்கு வருவதாகத் தெரிவிக்க வேண்டும் என்கிறது விதி. 7 நாளில் எந்தப் பதிலும் இல்லையென்றாலோ, ஆய்வு என்று சொல்லிவிட்டு 30 நாள்களில் முடிவு தெரிவிக்கவில்லை என்றாலோ தொழிலைத் தொடங்கிவிடலாம் என்றும் அதே விதியில் இருக்கிறது. இந்த வரி தெரியாததால்தான், 'ஆபீஸில் ஆள் தெரியும், சீக்கிரம் வாங்கித் தருகிறேன்' என்று சொல்பவர்களுக்குப் பிழைப்பு நடக்கிறது. ஆய்வுக்கு அலுவலர் வந்தால் கொட்டகையில் தார்ப்பாய், வலை, கை கழுவ இடம், எலி நுழையாத அறை ஆகியவை இருக்கிறதா என்று பார்ப்பார். அவை அதிகாரிக்காக இல்லாவிட்டாலும் இருக்க வேண்டியவைதான்.

2025 நிலவரப்படி, உத்யம் பதிவு போல் அல்லாமல், இந்தப் பதிவுக்குக் கெடு இருந்தது. எத்தனை ஆண்டுக்குப் பணம் கட்டினோமோ அத்தனை ஆண்டு. நினைவூட்டல் செய்தி, பதிவில் இருக்கும் எண்ணுக்குத்தான் வரும். மேலே சொன்ன சாவி விஷயம் இங்கும் பொருந்தும்.

பாக்கெட்டில் அச்சடிக்க வேண்டியவை: பொருளின் பெயர், தயாரிப்பாளர் முகவரி, நிகர எடை, அதிகபட்ச விற்பனை விலை, தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம் என்ற விவரம், பச்சை நிறச் சைவக் குறி, 14 இலக்க எண், புகார் தெரிவிக்கத் தொலைபேசி எண். கந்தகப் புகை காட்டியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். பொட்டலமிடுவோர் என்ற முறையில் எடையளவுச் சட்டத்தின் கீழ் தொடங்கிய 90 நாள்களுக்குள் ஒரு பதிவு செய்ய வேண்டும். 500 ரூபாய் கட்டணம். தமிழ்நாட்டில் இதைத் தொழிலாளர் துறை பார்க்கிறது. அதன் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். இது பலருக்கும் தெரியாத ஒன்று, அபராதம் வந்த பிறகே தெரியவருகிறது.

லேபிள் விஷயத்தில் இன்னும் ஒன்று. 'கம்பம் பன்னீர் திராட்சை' 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. விதையில்லா திராட்சையை உலர்த்திவிட்டு, விற்பனைக்காக அந்தப் பெயரைப் பாக்கெட்டில் போடக் கூடாது. 'ஓடைப்பட்டி உலர் திராட்சை' என்று ஊர்ப் பெயரைப் போட்டாலே தேனி மாவட்டத்தில் விற்கும்.

உலர்த்தும் கொட்டகை, பாக்கெட் போடும் இயந்திரம் வாங்கக் கடன் வேண்டுமென்றால், உணவு பதப்படுத்தும் குறுந்தொழில்களுக்கான பிரதமரின் திட்டம் 2020 முதல் நடைமுறையில் இருக்கிறது. திட்டச் செலவில் 35 சதவிகிதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, வங்கிக் கடனுடன் இணைந்த மானியமாகக் கிடைக்கும். 10 சதவிகிதம் சொந்தப் பணம் போட வேண்டும். இதையும் இணையத்தில் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம், திட்ட அறிக்கை தயாரிக்க மாவட்ட அளவில் வள நபர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கான தொகையை அரசே தருகிறது. விவசாயியிடம் 'கமிஷன்' கேட்கக் கூடாது.

கொட்டகை பேரூராட்சி எல்லைக்குள் இருந்தால், தொழில் உரிமம் தேவையா என்பதை ஓடைப்பட்டி பேரூராட்சி அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. உலர்த்தும் முறை, கரைசல் அளவு போன்ற தொழில்நுட்ப விஷயங்களுக்கு ஆனைமலையன்பட்டியில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையத்தை அணுகலாம்.

கேள்வி: சொந்தத் தோட்டத்துத் திராட்சையை உலர்த்தி, வாட்ஸ்அப் மூலம் ஆர்டர் எடுத்து, பெங்களூருக்கும் கொச்சிக்கும் கூரியரில் அனுப்புகிறோம். வெளிமாநிலத்துக்கு அனுப்பினால் ஜிஎஸ்டி கட்டாயம் என்று ஆடிட்டர் ஒருவர் சொல்கிறார். உண்மையா?

- வாசகர், சின்னமனூர்.

பதில்: பழம் யாருடைய தோட்டத்தில் விளைந்தது என்பதைப் பொறுத்தது.

சொந்த நிலத்தில், சொந்த உழைப்பிலோ கூலியாள் வைத்தோ விளைவித்ததை விற்பவர் 'விவசாயி' என்ற வரையறைக்குள் வருகிறார். நிலத்தில் விளைந்ததை விற்கும் அளவுக்கு அவர் ஜிஎஸ்டி பதிவு எடுக்க வேண்டியதில்லை. 'உலர்த்திய பிறகும் அது விளைபொருள்தானா?' என்ற சந்தேகம் நீண்ட நாளாக இருந்தது. 2024 டிசம்பரில் ஜெய்சல்மேரில் நடந்த 55-வது ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்தில் இதைத் தெளிவுபடுத்தினார்கள். விவசாயி விற்கும் உலர் திராட்சைக்கும், மிளகுக்கும் ஜிஎஸ்டி பொறுப்பு இல்லை. 2025 பிப்ரவரியில் இதைச் சுற்றறிக்கையாகவும் வெளியிட்டார்கள். ஆடிட்டரிடம் அந்தச் சுற்றறிக்கையைப் பார்க்கச் சொல்லலாம்.

பக்கத்துத் தோட்டத்துப் பழத்தையும் விலைக்கு வாங்கி உலர்த்தினால் கதை மாறிவிடும். அந்தப் பங்குக்கு அவர் விவசாயி அல்ல, தொழில் செய்பவர். தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்றால் ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் வரை பதிவு தேவையில்லை. வெளிமாநிலத்துக்கு விற்றால் முதல் பாக்கெட்டிலிருந்தே பதிவு வேண்டும். பெரிய ஆன்லைன் விற்பனைத் தளங்களில் மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறு விற்பனையாளர்களுக்கு 2023 அக்டோபர் முதல் ஒரு சலுகை இருக்கிறது. ஜிஎஸ்டி இணையதளத்தில் பான் எண்ணைக் கொடுத்து ஒரு சேர்க்கை எண் மட்டும் வாங்கிக்கொண்டால் போதும். பதிவு, மாதாந்திரக் கணக்குத் தாக்கல் என்ற சுமை இல்லை.

ஆகவே, எந்தப் பழம் சொந்தத் தோட்டம், எந்தப் பழம் வாங்கியது என்று இரண்டு நோட்டுகள் வைத்துக்கொள்வது அவசியம். ஒரே கொட்டகையில் கொட்டிக் கலந்துவிட்டால் பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

ஆர்டர் எடுப்பதற்குச் சாதாரண வாட்ஸ்அப்பைவிட 'வாட்ஸ்அப் பிசினஸ்' வசதியானது. அதுவும் இலவசம்தான். 250 கிராம், அரை கிலோ, 1 கிலோ என்று படத்துடன் விலைப்பட்டியல் வைக்கலாம். முகவரி, அனுப்பும் நாள் போன்ற வழக்கமான பதில்களை முன்கூட்டியே எழுதிவைக்கலாம். இதற்குத் தனி சிம் வைத்துக்கொண்டால், இரவு பத்து மணிக்கு மேல் அந்த போனை அணைத்து வைத்துவிட்டுத் தூங்கலாம்.

கேள்வி: கூடலூரில் சிறிய அளவில் உலர் திராட்சையும், திராட்சை ரசமும் தயாரித்து மொத்தக் கடைகளுக்கு அனுப்புகிறோம். கோயம்புத்தூர் வியாபாரி ஒருவர் 1 லட்சம் ரூபாய் பாக்கி வைத்து நாலு மாதம் ஆகிறது. கேட்டால், 'சரக்கு சரியில்லை' என்கிறார். வழக்கு போடும் அளவுக்கு வசதி இல்லை. வேறு வழி உண்டா?

- வாசகர், கூடலூர்.

பதில்: உண்டு. ஆனால், சரக்கு அனுப்பும் முன்பே உத்யம் பதிவு இருந்ததா என்பது முதல் கேள்வி.

2006-ம் வருடத்து குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கியவர், எழுத்துபூர்வமாகத் தேதி பேசியிருந்தால் அந்தத் தேதிக்குள், அதுவும் 45 நாளுக்கு மிகாமல், பணம் கொடுக்க வேண்டும். அப்படி எதுவும் பேசவில்லை என்றால் 15 நாள்தான். சரக்கில் குறை இருந்தால், வந்து சேர்ந்த 15 நாளுக்குள் எழுத்துபூர்வமாகச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை என்றால் ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். நாலு மாதம் கழித்து போனில், 'சரியில்லை' என்று சொல்வது எடுபடாது.

தாமதத்துக்கு வட்டியும் உண்டு. ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப்போல மூன்று மடங்கு, மாதா மாதம் கூட்டு வட்டி. 2025 ஜூனில் வங்கி வட்டி 5.75 சதவிகிதம். மூன்று மடங்கு என்றால் 17.25. 1 லட்சம் ரூபாயை ஓர் ஆண்டு இழுத்தடித்தால் வட்டி மட்டும் 18,600 ரூபாய்க்கு மேல் வந்துவிடும்.

இதற்கான 'சமாதான்' இணையதளத்தை மத்திய அரசு 2017-ல் தொடங்கியது. இதே வேலைக்காக 2025 ஜூன் 27-ல் இணையவழித் தகராறு தீர்வுத் தளம் ஒன்றும் தொடங்கப்பட்டிருக்கிறது. உத்யம் எண், பில், வியாபாரி கொடுத்த ஆர்டர், லாரி ரசீது ஆகியவற்றை ஏற்றி மனு பதிய வேண்டும். ஆர்டர் வாட்ஸ்அப்பில் வந்திருந்தால் அதையும் தேதி தெரியும்படி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். மனு, அந்தப் பகுதிக்கான வசதியாக்கக் குழுவுக்குப் போகும். தேனி மாவட்டத்துக்குப் பக்கத்தில் இந்தக் குழு இருப்பது மதுரையில். வியாபாரி கோயம்புத்தூரில் இருந்தாலும், சரக்கு அனுப்பியவர் இருக்கும் பகுதியின் குழுவே விசாரிக்கலாம் என்பதால், கோயம்புத்தூருக்கு அலைய வேண்டியதில்லை. முதலில் சமரசம், முடியாவிட்டால் நடுவர் தீர்ப்பு. 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட நாள் பிடிக்கிறது. ஆனாலும், தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போக வேண்டுமென்றால், தீர்ப்புத் தொகையில் 75 சதவிகிதத்தை வியாபாரி முதலில் கட்ட வேண்டும். மனு பதிந்துவிட்ட செய்தி போனதுமே பேச்சுவார்த்தைக்கு வருகிறவர்கள் இருப்பதற்கு இதுதான் காரணம்.

வியாபாரிக்கு இன்னொரு நெருக்கடியும் இருக்கிறது. 2023-24 நிதியாண்டு முதல், உத்யம் பதிவுள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்குக் கெடு தாண்டி வைத்திருக்கும் பாக்கியை, அதைக் கொடுத்து முடிக்கும் ஆண்டு வரை அவர் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. பில்லில் உத்யம் எண்ணை அச்சடித்துக் கொடுத்தால், அவருடைய ஆடிட்டரே மார்ச் மாதத்துக்குள் பணத்தைக் கொடுத்துவிடச் சொல்வார்.

சரக்கு அனுப்பிய பிறகுதான் உத்யம் பதிவு எடுத்திருக்கிறார் என்றால், அந்தச் சரக்குக்கு இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு கிடைக்காது என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில் இந்தக் கேள்வி பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டிருக்கிறது. அதன் முடிவுக்குக் காத்திருப்பதைவிட, அடுத்த லோடு ஏற்றும் முன் பதிவை எடுத்துவிடுவதுதான் புத்திசாலித்தனம். பதிவில் 'வணிகம்' என்று குறித்திருப்பவர்களுக்கும் இந்தப் பாதுகாப்பு இல்லை. வணிகர்களுக்கு உத்யம் பதிவு வங்கிக் கடனுக்கு மட்டுமே பயன்படும். அதனால்தான் ஓடைப்பட்டி வாசகிக்கு, 'உற்பத்தி' என்று குறிக்கச் சொன்னது.

பழமாகவே வியாபாரிக்குக் கொடுத்துவிட்டு, பணத்துக்குக் காத்திருக்கும் திராட்சை விவசாயிகள் இந்தப் பள்ளத்தாக்கில் நிறைய. அவர்களுக்கு இந்தத் தளம் உதவாது. சாகுபடி, இந்தச் சட்டம் சொல்லும் தொழில் நிறுவனத்துக்குள் வருவதில்லை. அவர்கள் கையில் இருக்க வேண்டியது, எத்தனை கிலோ, என்ன விலை, எந்தத் தேதியில் பணம் என்று எழுதி வியாபாரி கையெழுத்துப் போட்ட துண்டுச் சீட்டு. அது இருந்தால் உத்தமபாளையத்தில் உள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுக்கலாம். அங்கும் கட்டணம் இல்லை.